பழைய சிஎன்சி மெஷினை மறுபடி ஓட வைக்க ஒரு வழிகாட்டி

கேரொசல் விற்பனைத் தளத்தில் கொஞ்ச நாள் தேடிப் பாருங்கள், கணினி சொல்கிறபடி மரத்தையும் உலோகத்தையும் வெட்டும் பழைய சிஎன்சி மெஷின் ஒன்று கட்டாயம் கண்ணில் படும். அலுமினியச் சட்டம், மூன்று மோட்டார், கூடவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. கீழே, "வேலை செய்யவில்லை, இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி. வீடு மாறுகிறவர்களும் அறையைப் பிள்ளைகளுக்கு ஒழித்துக் கொடுக்கிறவர்களும் இப்படிக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் 3020, 3040, 6040 என்று எண் போட்ட சீன ரௌட்டர்களாக, அதாவது சுழலும் கத்தியால் பலகையைக் குடையும் மெஷின்களாக, இருக்கும். 3040 என்றால் சுமார் 30-க்கு 40 சென்டிமீட்டர் பரப்பில் வெட்டும் என்று பொருள். அபூர்வமாக ஷெர்லைன், டெய்க் போன்ற அமெரிக்கச் சின்ன மில்லிங் மெஷினும் வரும். வந்தால் விடாதீர்கள்.

இப்படிக் கைவிடப்பட்ட மெஷின்களில் பெரும்பாலானவை நல்ல நிலையில்தான் இருக்கின்றன. வார்ப்பிரும்பும் அலுமினியமும் பத்துப் பதினைந்து வருடத்தில் கெட்டுவிடுவதில்லை. அறுந்துபோனது மெஷினுக்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பு. இவை வந்த காலத்தில் எல்லாக் கணினியிலும் பிரிண்டருக்கான பேரலல் போர்ட் இருந்தது. அதன் வழியாக விண்டோஸ் எக்ஸ்பியில் மாக்3 என்ற மென்பொருள் மோட்டார்களை ஓட்டியது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்தியது. புதிய கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லாமல் போனது. கணினி போனதும் மெஷினும் மூலைக்குப் போய்விட்டது.

புதிதாக இறங்குகிறவர்கள் பொதுவாக முதல் நாளே ஒரு புதிய கட்டுப்பாட்டுப் பலகையை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். கெட்டது எது என்று தெரியாத மெஷினில் புதுப் பலகையை மாட்டினால், பழைய கோளாறும் புதிய கோளாறும் கலந்து எது எங்கே என்று பிரிக்க முடியாமல் போகும். இரும்பில் தொடங்கி, மின்சாரம், மோட்டார், டிரைவர் (சிக்னலுக்கு ஏற்ப மோட்டாருக்கு மின்சாரம் விடும் பலகை) என்று வெளியே வாருங்கள். கணினி கடைசி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இந்த வரிசையை மட்டும் விடாமல் பிடித்தால் மின்னணுப் படிப்பு இல்லாதவர்கூட இதை முடித்துவிடலாம்.

முதல் படி: பிளக்கைச் செருகாமல் பாருங்கள்

விற்பவரிடம் பழைய கணினியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குப்பை என்று அவர் சொன்னாலும் பரவாயில்லை. அதன் வன்தட்டில் மெஷினின் அமைப்புகள் எல்லாம் இருக்கும். பின்னால் பல மணி நேர வேலையை அது மிச்சப்படுத்தும்.

வீட்டுக்கு வந்ததும் மெஷினின் பெயர்த் தகட்டைப் படியுங்கள். சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் 110 அல்லது 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டிருக்கலாம். பிளக்கை மாற்றி அப்படியே செருகினால் ஒரு நொடியில் புகை வரும். பவர் சப்ளையின் பக்கவாட்டில் 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். அது 230-இல் இருக்க வேண்டும். ஸ்விட்ச்சும் இல்லை, தகட்டில் 110 மட்டுமே போட்டிருக்கிறது என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

அப்புறம் பெட்டியைத் திறந்து, எல்லாக் கோணத்திலிருந்தும் படம் எடுங்கள். எந்தக் கம்பி எந்த முனையில் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு கம்பியிலும் ஒட்டுத்தாளில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். கருகிய வாசனை, பழுப்பான இடம், உப்பிய கெப்பாசிட்டர், காய்ந்துபோன பல்லி எச்சம் ஆகியவற்றை இப்போதே தேடுங்கள். நம் ஊர் வீடுகளில் பல்லி பவர் சப்ளைக்குள் புகுந்து ஷார்ட் ஆவது அரிதான விஷயமில்லை.

இரண்டாம் படி: இரும்பு

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இது. முழுப் பழுதுபார்ப்பில் பாதி நேரம் இதற்கே போகலாம், போகட்டும்.

இந்த மெஷின்களில் இருப்பது படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார். மின்சாரம் இல்லாதபோது அது கையால் சுற்றும். லேசாகத் தடுக்கித் தடுக்கிச் சுற்றுவது இயல்பு. ஒவ்வொரு அச்சையும் (எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று நகரும் திசைகளையும்) ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மெதுவாக என்பது முக்கியம். வேகமாகச் சுற்றினால் மோட்டார் டைனமோவாக மாறி, அந்த மின்சாரம் டிரைவருக்குள் போய்விடும். எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்று விரலே சொல்லும். ஒரே சீராகக் கனமாக இருந்தால் பழைய கிரீஸ் கெட்டியாகியிருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் தண்டவாளம் இணையாக இல்லை, அல்லது திருகுத்தண்டு வளைந்திருக்கிறது. கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்குக்குள் துரு.

நம் ஊர் ஈரப்பதத்தில் துரு இல்லாத பழைய மெஷின் கிடைப்பது அதிர்ஷ்டம். மேலாகப் படிந்த துருவை எண்ணெயில் நனைத்த மெல்லிய ஸ்காட்ச்-பிரைட்டால் தேய்த்தால் வந்துவிடும். மணல்தாளைத் தண்டவாளத்தில் வைக்காதீர்கள், அளவு கெட்டுவிடும். காய்ந்த கிரீஸை மண்ணெண்ணெய் அல்லது ஒயிட் ஸ்பிரிட் தொட்டுக் கழுவுங்கள். சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. எல்லாரும் கையில் எடுக்கும் டபிள்யூடி-40 துருவை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது. மெஷினுக்குப் போடும் நிரந்தர எண்ணெய் அதுவல்ல. அதைத் துடைத்துவிட்டு, வழுக்குப் பரப்புகளுக்கு 68 பாகுநிலை உள்ள ஸ்லைட்வே ஆயிலும், பால்-ஸ்க்ரூவுக்கு (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகுத்தண்டு) லித்தியம் கிரீஸும் போடுங்கள். பிளாஸ்டிக் நட்டு உள்ள திருகுத்தண்டுக்குக் கிரீஸ் வேண்டாம். தூசியைப் பிடித்துக்கொண்டு நட்டை அரைத்துவிடும். டெஃப்லான் கலந்த இலேசான எண்ணெய் போதும்.

உருளைத் தண்டில் ஓடும் லீனியர் பேரிங்கிலிருந்து காவி நிறத்தில் பொடி கொட்டினால், உள்ளே உள்ள குண்டுகள் துருப்பிடித்துவிட்டன. கழுவிச் சரிசெய்ய நினைக்காமல் தண்டின் விட்டத்தை அளந்து புதிது வாங்குங்கள். 12, 16, 20 மில்லிமீட்டர் எல்லாமே பொதுவான அளவுகள். ஜாலான் புசார், லாவண்டர் வட்டார இரும்புச் சாமான் கடைகளில் பழையதைக் கையில் எடுத்துப்போய்க் காட்டினால் வேலை சுலபம். "அண்ணே, இந்தச் சைஸ்" என்று நீட்டினால் போதும்; பெயர் தெரியாததற்காக யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்தது ஆட்டம், அதாவது பாகங்களுக்கு இடையே உள்ள தளர்வு. துவாஸ் பக்கம் ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது இருந்தால் இதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். ஃபிட்டரின் கைக்கு உள்ள நுணுக்கம் படித்து வருவதில்லை. யாரும் இல்லையென்றால் இப்படிச் செய்யுங்கள்: மோட்டார்த் தண்டைச் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு, அந்த அச்சை முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். திருகுத்தண்டே முன்பின் நகர்ந்தால் அதன் கோடியில் உள்ள பேரிங் நட்டு தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் சரி. தண்டு அசையாமல் நட்டு மட்டும் அசைந்தால் நட்டு தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். இரண்டும் அசையாமல் தண்டு லேசாகச் சுற்றினால் கப்ளிங்கைப் பாருங்கள்.

கப்ளிங் என்பது மோட்டாரையும் திருகுத்தண்டையும் இணைக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு. பழைய மெஷின்களில் "அளவு சரியாக வரவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதன் ஆலன் திருகுகள் அதிர்வில் தளரும். சுருள் வெட்டு உள்ள வகையில் விரிசலும் விழும். திருகைக் கழற்றித் துடைத்து, நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள்.

மூன்றாம் படி: மின்சாரம்

இங்கே அவசரம் கூடாது. மெயின்ஸ் பக்கத்தில் கை வைக்கத் தயக்கம் இருந்தால், அந்தத் தயக்கத்துக்கு மரியாதை கொடுத்துத் தெரிந்தவரை அழையுங்கள். வீட்டின் சுவருக்குள் உள்ள வயரிங்கைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் தொட வேண்டும்.

பவர் சப்ளையில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். சில நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரில் அளந்து, இரண்டொரு வோல்ட்டுக்குக் கீழே வந்த பின் கையை விடுங்கள்.

முதல் சோதனை எர்த். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளுக்கும் மெஷினின் உலோகச் சட்டத்துக்கும் இடையே மின்தடையைப் பாருங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். பெயின்ட் பூசிய இடத்தில் அளந்தால் தவறாகக் காட்டும், ஒரு திருகின் தலையில் வைத்து அளவிடுங்கள். எர்த் இல்லையென்றால் அதைச் சரிசெய்யும் வரை மேலே போகக்கூடாது. பிளக்கில் உள்ள ஃப்யூஸையும் பாருங்கள். 13 ஆம்பியர் போட்டிருப்பார்கள். சின்ன மெஷினின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 5 ஆம்பியர் போதும்.

இப்போது பவர் சப்ளையின் வெளியீட்டுக் கம்பிகளை டிரைவரிலிருந்து கழற்றிவிட்டு, சப்ளையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். ஊரில் ரேடியோ, டிவி பழுது பார்ப்பவர்கள் சீரிஸ் லாம்ப் (மின்வழியில் தொடராக இணைத்த குண்டு பல்பு) ஒன்று வைத்திருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய வகை சப்ளைக்கு அது அருமையான காவல். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், சப்ளை தப்பிக்கும். வெளியீட்டில் தகட்டில் போட்டிருக்கும் வோல்ட் வருகிறதா பாருங்கள். 24 என்றால் 24-ஐ ஒட்டி நிலையாக நிற்க வேண்டும். ஏறி இறங்கினால் சப்ளையை மாற்றிவிடுங்கள். அதைப் பிரித்துப் பழுது பார்ப்பது புதியவருக்கான வேலை அல்ல. மாற்றுச் சப்ளை, கனெக்டர், வயர், ரிலே எல்லாவற்றுக்கும் சிம் லிம் டவர் இருக்கிறது. அருகில் உள்ள சிம் லிம் ஸ்கொயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உதிரிப் பாகம் தேடுகிறவர்களுக்கு டவர்தான்.

நான்காம் படி: மோட்டாரும் டிரைவரும்

ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: டிரைவரில் மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. அந்த ஒரு கணத்தில் டிரைவர் செத்துவிடும். நல்ல டிரைவர்கள் பல இப்படித்தான் போகின்றன.

மோட்டாரைச் சோதிக்கக் கணினி தேவையில்லை. நான்கு கம்பி உள்ள மோட்டாரில் இரண்டு சுருள் இருக்கும். ஒவ்வொரு சுருளும் பொதுவாகச் சில ஓம் காட்டும், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு சுருளுக்கும் மற்றதற்கும் இடையே தொடர்பு இருக்கக்கூடாது. மோட்டாரின் உடலோடும் கூடாது. மீட்டர் இல்லையென்றால் இரண்டு கம்பிகளை ஒன்றாகச் சேர்த்துத் தண்டைச் சுற்றிப் பாருங்கள். சட்டென்று கனத்தால் அவை இரண்டும் ஒரே சுருளின் கம்பிகள். மோட்டார் கெடுவது அபூர்வம். மோட்டாருக்குப் போகும் கேபிள்தான் கெடும். மெஷின் ஓடும்போதெல்லாம் வளைந்து நிமிர்ந்து, மேலுறை நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். மீட்டரைப் பீப் ஒலியில் வைத்துக்கொண்டு கேபிளை முழுநீளமும் வளைத்துப் பாருங்கள். வட்டக் கனெக்டரின் பின்னால் உள்ள சால்டரிங்கையும் பாருங்கள்.

எக்ஸ் ஓடவில்லை, ஒய் ஓடுகிறது என்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டு மோட்டார் வயர்களையும் இடம் மாற்றுங்கள். கோளாறு மோட்டாரோடு போனால் மோட்டாரோ கேபிளோ காரணம். அதே இடத்தில் நின்றால் டிரைவர் அல்லது அதற்கு வரும் சிக்னல். எந்தக் கருவியும் இல்லாமல் பாதிச் சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனை இது.

பழைய சீன மெஷின்களில் மூன்று அச்சுக்கும் சேர்த்து ஒரே பலகை, அதில் தோஷிபாவின் டிபி6560 சில்லு இருக்கும். அந்தச் சில்லுக்கு முதலில் 5 வோல்ட் லாஜிக் மின்சாரம் வர வேண்டும், அதற்குப் பின்தான் மோட்டார் மின்சாரம். இந்த வரிசையைக் கவனிக்காமல் செய்த மலிவுப் பலகைகளில் சில்லு எரிவது சகஜம். உங்கள் பலகையில் ஒரு அச்சு செத்திருந்தால் சில்லை மாற்றி மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியாக டிஎம்542 வகை டிஜிட்டல் டிரைவர் வாங்கிப் போடுங்கள். 20 முதல் 50 வோல்ட் வரை தாங்கும், உச்சத்தில் 4.2 ஆம்பியர் தரும். மோட்டார் சத்தமும் குறையும், ஓட்டமும் வழவழப்பாகும். செலவழிக்கும் வெள்ளிக்கு முழுப் பலன் கிடைக்கும் மாற்றம் இதுதான். டிரைவரில் கரண்ட் அமைக்கும்போது மோட்டார்த் தகட்டில் உள்ள அளவைத் தாண்டாதீர்கள். ஸ்டெப்பர் மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுவது இயல்புதான், பயப்பட வேண்டாம். வாசனை வந்தால் நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: யார் ஓட்டுவது?

பழைய கணினி எழுந்தால், முதலில் அதன் வன்தட்டை அப்படியே நகல் எடுங்கள். அத்தனை வயதான வன்தட்டு அடுத்த முறை எழும் என்ற உத்தரவாதம் இல்லை. மாக்3 கோப்புறையில் உள்ள உரிமக் கோப்பையும் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பையும் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். மாக்3-ஐத் திறந்து, எந்தப் பின்னில் எந்த மோட்டார் என்று காட்டும் பக்கத்தையும், மோட்டார் அமைப்புப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியை மறந்துவிட்டு எழுந்தால் மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். இணையத்தில் இணைக்காதீர்கள். இந்தக் கணினியிலேயே மெஷின் ஓடினால் நல்லது. கொஞ்ச நாள் அப்படியே ஓட்டிப் பழகுங்கள். மாற்றுவதை ஆற அமர யோசிக்கலாம்.

கணினி இல்லையென்றால் வழி இரண்டு.

பேரலல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்று கிடைத்தால் லினக்ஸ்சிஎன்சி போடலாம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990-களில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்த இலவச மென்பொருள் அது. நிறுவியதும் முதலில் கணினியின் தாமதத்தை அளக்கும் லேட்டன்சி சோதனையை ஓட விட்டு, கூடவே திரையில் நாலைந்து சன்னல்களைத் திறந்து மூடிப் பாருங்கள். அதிகபட்சத் தாமதம் 20 மைக்ரோசெகண்டுக்குள் நின்றால் அருமையான கணினி. 50-ஐத் தாண்டினால் வேறு கணினி பாருங்கள். மடிக்கணினிகள் இதற்கு ஒத்துவருவதில்லை. மின்சாரத்தைச் சேமிக்க அவை நடு நடுவே வேகத்தை மாற்றும்.

யுஎஸ்பியிலிருந்து பிரிண்டர் போர்ட்டாக மாற்றும் கேபிள் வாங்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வாங்காதீர்கள். அது பிரிண்டர் மொழியில்தான் பேசும். ஒவ்வொரு பின்னையும் நேரத்துக்குச் சரியாகத் தட்டுவதற்கு அதனால் முடியாது. 64-பிட் விண்டோஸில் மாக்3-ன் பேரலல் போர்ட் டிரைவரும் வேலை செய்யாது.

மூன்று அச்சு மட்டுமே உள்ள மெஷினுக்கு, புதியவருக்கு நான் சொல்வது கெர்பில் என்ற மென்பொருள். ஆர்டுயினோ உனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஓடும், இலவசம், எந்த மடிக்கணினியிலிருந்தும் யுஎஸ்பி வழியாக ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளை வரிகள்) அனுப்பலாம். உனோவின் 2, 3, 4 பின்கள் எக்ஸ், ஒய், இசட் மோட்டார்களின் ஸ்டெப் சிக்னல், 5, 6, 7 திசை, 8 எனேபிள். இவற்றை மெஷினின் 25 பின் கனெக்டரில் உரிய பின்களோடு இணைக்க வேண்டும். அந்தக் கனெக்டரில் 2 முதல் 9 வரை சிக்னல், 18 முதல் 25 வரை கிரவுண்ட். எந்தப் பின் எந்த மோட்டார் என்பது பலகைக்குப் பலகை மாறும். அதனால்தான் பழைய மாக்3 பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னேன். கிரவுண்டை இணைக்க மறந்தால் மோட்டார் உறுமும், நகராது. இன்னொன்று: சில பழைய பலகைகள், மாக்3-இலிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு பாதுகாப்புத் துடிப்பு வந்தால்தான் மோட்டார்களை இயக்க விடும். கெர்பில் அந்தத் துடிப்பை அனுப்பாது. பலகையில் அதற்கான ஜம்பரை (இரண்டு முனைகளை இணைக்கும் குட்டி இணைப்பு) மாற்றாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் மெஷின் அசையாது.

அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று கட்டாயம். அது மோட்டார், ஸ்பிண்டில் (கத்தியைச் சுழற்றும் பாகம்) இரண்டின் மின்சாரத்தையும் நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கணினிக்குச் சொல்லி, கணினி நிறுத்தும் வகையை மட்டும் நம்பக்கூடாது. கணினி உறைந்துபோகும் நேரத்தில்தானே அது தேவைப்படும்?

ஆறாம் படி: ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை ஸ்டெப்?

கணக்கு எளிது. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவரில் மைக்ரோஸ்டெப் 8 என்று வைத்தால் ஒவ்வொரு ஸ்டெப்பும் எட்டாகப் பிரிந்து 1,600. திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தினால், 1,600-ஐ 5-ஆல் வகுத்து 320. கெர்பிலில் எக்ஸ், ஒய், இசட்டுக்கு முறையே $100, $101, $102 என்ற இடங்களில் இதைப் போட வேண்டும்.

அமெரிக்க மெஷினில் மரை அங்குலக் கணக்கில் இருக்கும். ஷெர்லைனின் அங்குல வகையிலும் டெய்க்கிலும் அங்குலத்துக்கு 20 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர். 1,600-ஐ 1.27-ஆல் வகுத்தால் 1259.84. தசமத்தை வெட்டாமல் அப்படியே போடுங்கள். உனோவில் கெர்பில் நொடிக்குச் சுமார் 30,000 ஸ்டெப் தரும். எனவே இந்த மெஷினில் வேகம் நிமிடத்துக்கு 1,400 மில்லிமீட்டரை ஒட்டி முட்டிக்கொள்ளும். அந்த அளவுக்குப் போகவும் வேண்டாம்.

100 மில்லிமீட்டர் நகரச் சொன்னால் 99.2 வருகிறது என்று வையுங்கள். உடனே ஸ்டெப் எண்ணை மாற்றிச் சரிக்கட்ட நினைப்பார்கள். பால்-ஸ்க்ரூ உள்ள மெஷினில் அப்படிச் செய்யாதீர்கள். கணக்கில் வந்த எண்தான் சரி. பிழை கப்ளிங்கிலோ ஆட்டத்திலோ அளந்த விதத்திலோ இருக்கிறது. எண்ணை மாற்றினால் நோயை மூடி மறைத்ததாகும்.

ஆட்டத்தை இப்போது எண்ணாகவே பார்க்கலாம். 0.01 மில்லிமீட்டர் காட்டும் டயல் இண்டிகேட்டர் ஒன்று வாங்குங்கள். அதைத் தாங்கும் ஸ்டாண்டின் காந்த அடி அலுமினிய மேடையில் ஒட்டாது. ஒரு இரும்புத் தகட்டை மேடையில் கிளாம்ப் செய்து அதன்மேல் வையுங்கள். ஒரே திசையில் நகர்த்தி வந்து முள்ளைப் பூஜ்யத்தில் வையுங்கள். அதே திசையில் 1 மில்லிமீட்டர் போய், திரும்பி 1 மில்லிமீட்டர் வாருங்கள். பூஜ்யத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே ஆட்டம். 0.05-க்குள் இருந்தால் மரவேலைக்குக் கவலையே இல்லை. 0.2-ஐத் தாண்டினால் வட்டம் வட்டமாக வராது, நட்டைப் பாருங்கள்.

வேகத்தை நிமிடத்துக்கு 500-இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மோட்டார் தடுக்கிக் கீச்சிடும் இடம் வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கை நிரந்தர வேகமாக வையுங்கள். முடுக்கத்துக்கும் அதே முறை. பின் முன்னும் பின்னும் பல தடவை ஓட விட்டு, டயலில் பழைய இடத்துக்கே முள் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் ஸ்டெப் எதுவும் தவறவில்லை.

ஏழாம் படி: முதலில் பேனா, அப்புறம் கத்தி

ஸ்பிண்டிலைச் சுழற்றாமல், அதன் இடத்தில் ஒரு பேனாவைக் கட்டி, தாளில் 100 மில்லிமீட்டர் சதுரம் வரையச் சொல்லுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 141.4 இருக்க வேண்டும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) கோணலாக நிற்கிறது; ஒரு பக்கத் திருகுகளைத் தளர்த்தி நேராக்கி இறுக்குங்கள். கண்ணாடிப் படம் மாதிரி திருப்பி வரைந்தால் ஒரு அச்சின் திசை மாறியிருக்கிறது. கெர்பிலில் $3-ஐ மாற்றினால் போதும். தாளில் தவறு செய்தால் நட்டம் ஒரு தாள்தான்.

இதெல்லாம் சரியான பிறகு ஸ்பிண்டில். பழைய 3040-களில் கார்பன் பிரஷ் உள்ள டிசி மோட்டார் இருக்கும். பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். தண்ணீரால் குளிரும் ஸ்பிண்டிலோடு, அதன் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் இருந்தால் கவனம் அதிகம் தேவை. 24,000 சுற்று ஸ்பிண்டிலுக்கு இன்வெர்ட்டரில் உச்ச அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் என்று அமைத்திருக்கிறதா என்று ஓட்டுவதற்கு முன்பே பாருங்கள். பல காலம் கிடந்த பேரிங்கை எடுத்ததும் முழு வேகத்தில் விரட்டாமல், குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓட விட்டு மெல்ல ஏற்றுங்கள்.

இன்வெர்ட்டரைப் போட்டதும் வீட்டின் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்து மொத்த வீடும் இருட்டாகலாம். நம் வீடுகளில் அது 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழும்; இன்வெர்ட்டரின் வடிப்பான் இயல்பாகவே எர்த்துக்குக் கொஞ்சம் கசிய விடும். ஆனால் உண்மையான கசிவாகவும் இருக்கலாம். எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது உயிர் விஷயம். கசிவு குறைந்த வடிப்பான் போடுவதும், மின்பணியாளரிடம் காட்டுவதும்தான் வழி.

முதல் வெட்டு பைன் பலகையில் இருக்கட்டும். கத்தியை மரத்துக்கு மேலே தூக்கி வைத்துக் காற்றில் ஒரு முறை முழுப் பாதையையும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு முறைக்கு 1 மில்லிமீட்டர் ஆழம். வேகத்துக்குக் கணக்கு உண்டு: சுற்று, பல் எண்ணிக்கை, ஒரு பல் எடுக்கும் சீவல் மூன்றையும் பெருக்குங்கள். 12,000 சுற்று, 2 பல், 0.05 மில்லிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,200. மிக மெதுவாக ஓட்டுவது பாதுகாப்பு என்று நினைக்கத் தோன்றும். அப்போது கத்தி சீவாமல் தேய்க்கும், மரம் கருகும், மொட்டைக் கத்தியில் தீயே பிடிக்கலாம். கண்ணாடி அணியுங்கள், கையுறை வேண்டாம், ஓடும் மெஷினை விட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

வீவக அடுக்குமாடி வீட்டில் வைத்துக்கொள்ள

சத்தம் தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். கனமான மேசை, அதன் காலடியில் தடித்த ரப்பர் பாய். இரவு 10 முதல் காலை 8 வரை அமைதி நேரமாக இருக்கட்டும் என்று 2022-இல் அக்கம்பக்க இரைச்சல் பற்றிய சமூக ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. அந்த நேரத்தில் மெஷினைத் தொடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை இல்லை. தாழ்வாரத்தில் வைக்கலாமே என்ற எண்ணம் வேண்டாம். அது தீ நேரத்தில் எல்லாரும் ஓடும் வழி. எம்டிஎஃப் (மர இழையை ஒட்டி அழுத்திச் செய்த பலகை) தூசி நுரையீரலுக்குக் கெடுதல். உறிஞ்சி இல்லாமல் அந்தப் பலகையை வெட்டாதீர்கள்.

ஸ்பிண்டிலைக் குளிர்விக்கும் தண்ணீர் வாளியை மூடி வையுங்கள், இல்லையென்றால் வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் கதவைத் தட்டும்போது "அது மெஷின் தண்ணீர்" என்பது பதிலாகாது.

ஓட்டாத நாளில் தண்டவாளத்திலும் திருகுத்தண்டிலும் மெல்லியதாக எண்ணெய் பூசி, பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவை மெஷின் மேல் வைக்காதீர்கள். அதில் சேரும் கால்சியம் குளோரைடு நீர் சிந்தினால் இரும்பை அரித்துவிடும். சிலிக்கா ஜெல் போதும். கடைசியாக, கெர்பிலில் $$ என்று அடித்தால் வரும் எண்கள் அனைத்தையும் அச்சிட்டு, டிரைவர் ஸ்விட்ச்சுகளின் நிலை, கம்பிகளின் நிறம் எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிடுங்கள்.